பல் போன சக்கரம்

டார்லாவின் ஸ்னோபுளோவர், வாசல் பனியை அகற்றும் மெஷின், அன்று காலையில் எல்லாச் சத்தமும் போட்டது. பனியை மட்டும் எறியவில்லை. எஞ்சின் ஓடியது. பின்பக்கம் விசிறி சுழன்றது. முன்வாயில் பனியைக் கடித்து உள்ளே இழுக்க வேண்டிய இரும்புத் திருகு மட்டும் அசையாமல் நின்றது.

காரணம் அவள் காலடியிலேயே கிடந்தது. வாரம் ஒருமுறை இலவசமாக வந்து விழும் உள்ளூர்ப் பத்திரிகை. பிளாஸ்டிக் பையோடு பனியில் புதைந்து செங்கல்லாக உறைந்திருந்தது. ரோட்டைச் சுத்தம் செய்யும் கவுண்டி நிர்வாகத்தின் லாரி அதையும் சேர்த்து வாசல் முனையில் இடுப்பளவு பனிக்கரை கட்டிவிட்டுப் போயிருந்தது. மெஷின் அதைக் கடித்தது. உள்ளே எதுவோ நொறுங்கியது. அவ்வளவுதான்.

டார்லா சுவரில் சாய்த்திருந்த ஸ்கூப்பை எடுத்தாள். குளியல் தொட்டியைப் பாதியாக வெட்டிக் கைப்பிடி வைத்தது போன்ற தகரத் தள்ளி அது. சுப்பீரியர் ஏரிக்கரையில் அது இல்லாத வீடு கிடையாது. கரையைத் தள்ளி முடித்து, காரை வெளியே எடுத்து, அவள் பள்ளிக்கூட பஸ் ஷெட்டுக்குப் போனபோது மற்ற டிரைவர்கள் எல்லோரும் கிளம்பியிருந்தார்கள். ஏரிக்கரை ரூட்டில் அன்று பிள்ளைகள் இருட்டில் ரோட்டோரம் நின்று கால் மாற்றிக் கால் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

ஷெட்டின் பொறுப்பாளர் கார்ல் வாசலில் நின்றிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், காப்பியைக் குடித்தார்.

அன்று மாலை டார்லா கொட்டகையில் மெஷினைச் சாய்த்து வைத்து கியர் பெட்டியைத் திறந்தாள். மகள் கிறிஸ்டா பிறப்பதற்கு முன்பே வாங்கிய மெஷின். அதைச் செய்த கம்பெனி மூடியே பல வருஷம் ஆகிவிட்டது. பெட்டிக்குள் இருந்த கிரீஸ் மஞ்சளாக மின்னியது. வெண்கலச் சக்கரத்தின் பற்கள் தூளாகி அதில் கலந்திருந்தன. சக்கரத்தைத் துடைத்து விளக்கில் பிடித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் முழுக்க மொழுமொழுவென்று இருந்தது.

ஏன் இப்படி ஆனது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் வந்தது.

அந்தத் திருகை அதன் தண்டோடு சேர்த்துப் பிடிப்பது ஒரு மெல்லிய பின். உடைவதற்கென்றே செய்தது. கல்லோ கட்டையோ மாட்டினால் அந்தப் பின் ஒடிந்து, உள்ளே இருக்கும் விலையுயர்ந்த சக்கரத்தைக் காப்பாற்றும். கையில் எப்போதும் நாலைந்து வைத்திருக்க வேண்டும். போன மார்ச்சில் ஒரு காலையில் பின் ஒடிந்தபோது அவளிடம் ஒன்றுகூட இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பழைய காப்பி டப்பாவில் கிடந்த ஒரு நல்ல கெட்டியான எஃகு போல்ட்டை மாட்டினாள். அளவு கச்சிதமாக இருந்தது. அதற்குப் பிறகு எதுவும் ஒடியவே இல்லை. தான் சாமர்த்தியசாலி என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

கல்யாணமாகி வாழ்ந்த காலமெல்லாம் வெர்ன் அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்த ஒரே பாடம் இதுதான். "பின் இருக்குற எடத்துல போல்ட் போடாத டார்லா. பின்னு சாவணும், மெஷின் பொழைக்கணும்." சாப்பாட்டு மேஜையில் சொல்வான், விருந்தாளிகள் முன்னால் சொல்வான். விவாகரத்துக்கு அது காரணம் இல்லை. ஆனால் அதற்கான காரணங்களை அடுக்கினால் இதுவும் எங்கோ நடுவில் வரும்.

பக்கத்து ஊரான ஹான்காக்கில் மெஷின் கடைக்காரர் கம்ப்யூட்டரைத் தட்டினார், உதட்டைப் பிதுக்கினார். அந்தச் சக்கரம் தனியாக வருவதில்லை. முழு கியர் பெட்டியாக ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது. அவர் சொன்ன விலைக்கு அவளுடைய மெஷினைப் போல இரண்டை வாங்கலாம்.

"புதுசே எடுத்துருங்களேன்," என்றார். "தவணையில குடுக்குறோம்."

"வீட்டுக் கூரைக்கே இன்னும் தவணை கட்டிட்டிருக்கேன். ரெண்டையும் கட்டுனா நான் கூரைக்குக் கீழ பட்டினிதான்."

வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினாள். அச்சு அசலாக அதே சக்கரம், எங்கோ தெற்கே ஒருவர் மலிவாக விற்றார். ஆர்டர் செய்தாள். அது வந்து சேரும்வரை தினமும் ஸ்கூப்தான். நல்ல வேளையாகப் பனியும் கருணை காட்டியது, விரல் உயரம், சாண் உயரம் என்று.

சிறிய அட்டைப்பெட்டி வந்தது. பளபளவென்று இருந்த சக்கரத்தைப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இதன் பற்கள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன, பழையதில் இடப்பக்கம். படத்தில் அது தெரியவில்லை, அவளும் கவனிக்கவில்லை. பெட்டிக்குள் அதைச் சுற்றும் மரைத்தண்டோடு இது சேரவே சேராது.

மறுநாள் ஏரியிலிருந்து காற்று திரும்பியது. கரை மறுபடி இடுப்பளவு வந்தது. அவள் மறுபடி தாமதமாகப் போனாள். இந்த முறை கார்ல் காப்பியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

"உள்ள வா டார்லா. கதவைச் சாத்து."

"தெரியும் கார்ல். மெஷின் ஒடஞ்சு..."

"மெஷின் உன்னோடது. பசங்க என்னோடவங்க. லெம்பாலா வீட்டுச் சின்னப் பொண்ணு இன்னைக்கு மூக்கு சிவந்து நின்னுச்சாம். அவங்கம்மா எனக்கு போன் போட்டாங்க. அவங்க பேசுனதுல என் காது சிவந்துடுச்சு." கோப்பையை ஒதுக்கி வைத்தார். "இன்னொரு தடவை இப்படி ஆனா ஏரிக்கரை ரூட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். நீ மாத்து டிரைவரா இருக்கலாம், கூப்பிடுறப்ப வரலாம். எனக்கு வேற வழி இல்லம்மா."

கூப்பிடும்போது வருகிறவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கிடையாது. 

ஞாயிறு இரவு ஏரிக்காற்று பெரும் பனியைக் கொண்டுவரும் என்று ரேடியோ சொல்லத் தொடங்கியிருந்தது. காரை முன்கூட்டியே ரோட்டில் நிறுத்தி வைக்கவும் முடியாது. குளிர்காலத்தில் இரவில் ரோட்டில் நின்றால் கவுண்டிக்காரர்கள் இழுத்துப் போய்விடுவார்கள். லாரியில் பனி தள்ளிக் கொடுப்பவர்கள் அக்டோபரிலேயே புது வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அரிசோனாவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

கிறிஸ்டாவுக்கு போன் செய்தாள். மகள் மினியாபொலிஸில் இருந்தாள்.

"அப்பாகிட்ட கேளேம்மா. அவருகிட்டதான் பார்ட்ஸ் எல்லாம் இருக்கே."

"வேற எடம் இருக்கான்னு பாக்குறேன்."

"அம்மா..."

"பாக்குறேன்னு சொன்னேன்ல."

வேறு இடம் என்பது ருடி யூன்டிலாவின் பழைய சாமான் முற்றம். எழுபதைத் தாண்டியவர். செத்த மெஷின்களை வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார். எல்லாம் பனிக்குள் புதைந்து, கைப்பிடிகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. டார்லா வெள்ளிக்கிழமை பிற்பகல் பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு நேராக அங்கே போனாள். பாழான சக்கரத்தை ரொட்டிப் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தாள்.

ருடி அதைக் கையில் வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"பின்னு எங்க?"

"எந்தப் பின்னு?"

"ஒடிஞ்சிருக்க வேண்டிய பின்னு." அவள் ரொட்டிப் பையைச் சுருட்டுவதைப் பார்த்துச் சிரித்தார். "சரி சரி. என்ன போல்ட்டு போட்ட?"

"கைக்குக் கெடச்சதை."

"உன் கை நல்ல கையா இருக்கே! நல்ல உசத்தி போல்ட்டாத்தான் கெடச்சிருக்கு." சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்தார். "இந்த மாடல் என்கிட்ட இல்லம்மா. இந்தப் பக்கம் மொத்தமே மூணுதான் பாக்கி. ஒண்ணு உன்கிட்ட. மத்த ரெண்டு யாரு கொட்டகையில நிக்குதுன்னு நான் சொல்லித்தான் உனக்குத் தெரியணுமா?"

"உங்களுக்கு வேற வேலை இல்லியா ருடி?"

"இல்ல. சரி, புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சீங்க, அது ஊரு உலகத்துல நடக்குறதுதான். மெஷினை ஒருத்தர், அதோட பார்ட்ஸை ஒருத்தர்னு பிரிச்சீங்களே, அது எங்க நடக்கும்?"

அது அவர்களுடைய பழைய சமையலறையில் நடந்தது. பிரிப்பதில் வீட்டைப் பற்றிச் சண்டை வரவில்லை, படகைப் பற்றி வரவில்லை. மெஷின் எனக்கு, நான்தான் இருட்டில் கிளம்புகிறேன் என்றாள் டார்லா. அப்படியானால் பார்ட்ஸுக்கென்று வைத்திருக்கும் இரண்டு பழைய மெஷினும் எனக்கு என்றான் வெர்ன். உனக்கு எதற்கு என்று அவள் கேட்டிருந்தால் அவனிடம் பதில் இருந்திருக்காது. அவள் கேட்கவில்லை. எடுத்துக்கோ என்றாள். மூன்று குளிர்காலம் ஓடிவிட்டது. இடையில் மகளின் கல்யாணத்திலும் ஒரு சாவிலும் பார்த்துக்கொண்டார்கள். இரண்டிலும் வானிலையைப் பற்றித்தான் பேசினார்கள்.

சனிக்கிழமை காலை அவள் வெர்னின் வீட்டுக்குப் போனாள். அவளுடைய ரூட்டிலேயே இருக்கும் வீடுதான், தினமும் தாண்டிப் போகிற வாசல். பஸ்ஸிலிருந்து பார்க்கும்போது அவள் ஒன்றைக் கவனித்ததில்லை. வாசல் பாதையின் இரு பக்கமும் பனிச்சுவர் கத்தியால் வெட்டியது போல நேராக நின்றது. மெஷின் எறிந்த பனி அப்படி நிற்காது.

வெர்ன் கொட்டகையில் அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தான். தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலியே?"

"இல்ல. மெஷினுக்குத்தான்."

ரொட்டிப் பையை மேஜைமேல் வைத்தாள். அவன் சக்கரத்தை எடுத்து விரலால் தடவினான். அவன் கேட்பதற்கு முன்பே அவள் கோட்டுப் பைக்குள் கைவிட்டு அந்த எஃகு போல்ட்டையும் எடுத்து வைத்தாள். எப்படியும் கேட்கத்தான் போகிறான்.

"சொல்லு," என்றாள். "சொல்லி முடிச்சுட்டா வேலையைப் பாக்கலாம்."

வெர்ன் போல்ட்டைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அது வினோதமாக இருந்தது. பாடம் வரும் என்று காரில் வரும்போதே பதில்கள் தயார் செய்து வைத்திருந்தாள். அவற்றில் இரண்டு நன்றாகவே இருந்தன.

"திங்கக்கிழமை ரூட்டு போயிடும் வெர்ன். மெஷின் ஓடலன்னா."

"கார்ல் சொன்னானா?"

"கதவைச் சாத்திட்டுச் சொன்னாரு."

அவன் எழுந்து கொட்டகையின் பின்பக்கம் போனான். இரண்டு மெஷின்கள் நின்றன. ஒன்று கைக்கெட்டும் இடத்தில், தார்ப்பாய் போர்த்தி. மற்றது மூலையில், அதன் மேல் கூரை உயரத்துக்கு விறகு அடுக்கியிருந்தது. வெர்ன் மூலைக்குப் போய் விறகை இறக்க ஆரம்பித்தான். ஒரு தோளை மட்டும் உயர்த்தி, மற்றதை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு இறக்கினான்.

"இது பக்கத்துலயே இருக்கே," என்றாள் டார்லா.

"அது வேணாம்."

"ஏன்?"

"அது சரியில்ல."

"சக்கரம்தானே வேணும்?"

"அது சரியில்லன்னா சரியில்ல டார்லா. இந்த விறகைப் பிடி."

முப்பது வருஷம் ஒருவனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அந்தக் குரல் தெரியாதா? அவள் தார்ப்பாயைத் தூக்கினாள். மண்டியிட்டு, திருகைக் கையால் சுற்றினாள். எதிலும் மாட்டாமல் லொடலொடவென்று சுற்றியது. இடப்பக்கம் பின் இருக்க வேண்டிய துளையில் ஒரு போல்ட். தலையில் தரத்தைக் காட்டும் கோடுகளோடு, நல்ல உசத்தி எஃகு.

"வெர்ன்."

அவன் இன்னொரு விறகை இறக்கினான்.

"வெர்ன், இது வயசாகிச் செத்துப்போச்சுன்னு சொன்னியே? நான் அதுக்காக வருத்தம்கூடப் பட்டேனே?"

"கிறிஸ்டா படிப்பு முடிச்ச வருஷம்," என்றான் அவன் விறகைப் பார்த்துக்கொண்டே. "விருந்துக்கு ஆளு வர்றாங்க. பாதையைத் தள்ளணும். பின்னு தீந்துபோச்சு."

"அதுக்கப்புறம்கூட எனக்குப் பாடம் எடுத்தியே! எங்கக்கா வீட்டு விருந்துல, அத்தனை பேரு முன்னாடி!"

"அதுக்கப்புறம்தான் நல்லா எடுத்தேன்."

டார்லாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அடுப்புப் பக்கம் கிடந்த பெட்டிமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெர்ன் கொஞ்ச நேரம் முகத்தை இறுக்கமாக வைத்திருந்துவிட்டு, "போதும், வந்து விறகைப் பிடி," என்றான். அவனுக்கும் வாய் ஓரம் கோணிக்கொண்டிருந்தது.

மூலையில் இருந்த மெஷின் எஞ்சின் இறுகிச் செத்தது. அதன் திருகில் பழைய பின் அப்படியே இருந்தது, சக்கரமும் நன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அதற்குக் கிரீஸ் வைத்தவர் யாருமில்லை. திருகு தண்டோடு துருவால் ஒட்டிப்போயிருந்தது. அதைக் கழற்றாமல் பெட்டியைப் பிளக்க முடியாது. நெருப்புக் குழாயால் சூடு காட்டினார்கள். சுத்தியால் தட்டினார்கள். எண்ணெய் ஊற்றினார்கள். டார்லா ஒரு கம்பியை நெம்புகோலாக்கித் தொங்கியேவிட்டாள். மதியம் கடந்தும் அது மயிரிழைகூட நகரவில்லை.

"பலவந்தம் பண்ணா தண்டு வளைஞ்சிரும்," என்றான் வெர்ன். "இன்னும் எண்ணெய் விட்டு ஊறப் போடுவோம். சவ்னா சூடா இருக்கு. நீ முதல்ல போயிட்டு வா."

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவரிடம் சவ்னா என்ற நீராவிக் குளியல் அறைக்குப் போகச் சொல்வது அந்த ஊர் வழக்கம். பெண்கள் முதலில் போவதும் வழக்கம். வராத பகையாளி வந்தால்கூடக் கேட்கத்தான் வேண்டும். மறுப்பதற்கு அவளிடம் காரணம் இல்லை. கை முழுக்கத் துருவும் கரியும்.

அவள் தனியாகப் போய் மேல்பலகையில் உட்கார்ந்தாள். கல்லில் தண்ணீர் விட்டாள். ஆவி எழுந்து கூரையில் மோதி முதுகில் இறங்கியது. வாளிக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் வெர்னின் தோளுக்குத் தேய்க்கும் தைலம் மூன்று பாட்டில் இருந்தது. இரண்டு காலி. 

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது அவன் ஏலக்காய் ரொட்டியை வெட்டி வைத்திருந்தான், காப்பியும். தங்கை கொடுத்தனுப்பியது என்றான். தின்றார்கள். பிறகு வெர்ன் திருகைப் பிடித்துக்கொள்ள, அவள் சுத்தியை ஓங்கி ஒரே அடி அடித்தாள். துரு பொரிந்து உதிர்ந்தது. திருகு ஒரு விரல் நகர்ந்தது. இன்னொரு அடி. தண்டிலிருந்து கழன்று அவன் மடியில் விழுந்தது.

"ஏய்! மெல்ல!"

"இவ்வளவு நாள் ஊறுன கோவம். எண்ணெய் மட்டும்தான் ஊறுச்சுன்னு நெனச்சியா?"

பெட்டியைப் பிளந்தார்கள். சக்கரம் முழுப் பற்களோடு இருந்தது. இடப்பக்கம் சாய்ந்த பற்கள். டார்லா அதைப் பழைய துணியால் துடைத்து, மறுபடி துடைத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு?"

"என்ன எவ்வளவு?"

"வெலை."

"போ டார்லா."

"சும்மா வாங்க மாட்டேன். உனக்குத் தெரியும்."

"நல்லாத் தெரியும். சும்மா குடுத்தாலும் சண்டை, காசு கேட்டாலும் சண்டை."

அவள் கதவு வழியாக வெளியே பார்த்தாள். நேராக வெட்டிய பனிச்சுவர். சுவரோரம் சாய்த்திருந்த ஸ்கூப். அதன் கைப்பிடியில் ஒரு பக்கம் மட்டும் துணி சுற்றியிருந்தது.

"பாதையை யாரு தள்ளுறா?"

"யாரு தள்ளுவா? நான்தான்."

"கையாலயா? மூணு வருஷமாவா? அந்தத் தோளை வச்சுக்கிட்டா?"

"உடம்புக்கு நல்லது."

"ரெண்டு மெஷினைக் கொட்டகையில வச்சுட்டுக் கையால பனி தள்ளுற ஆளு இந்த கவுண்டியிலயே நீ ஒருத்தன்தான். கிறிஸ்டாவுக்குத் தெரியுமா?"

"அவகிட்ட சொல்லாத."

"அப்படின்னா கேளு. சனிக்கிழமை சனிக்கிழமை மெஷினை வண்டியில ஏத்திட்டு வர்றேன். உன் பாதையைத் தள்ளித் தர்றேன். இந்தச் சக்கரம் ஓடுற வரைக்கும். அதுதான் வெலை."

வெர்ன் யோசிப்பது போல அடுப்பைப் பார்த்தான்.

"முனையில இருக்குற கரையும் சேத்தா?"

"கரையும் சேத்து."

"சரி," என்றான். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை அவளிடம் நீட்டினான். உள்ளே பின்கள். "இதைப் போடு. பாடம் இல்ல. சும்மா சொல்றேன்."

"நீயும் நாலு வச்சுக்கோ," என்றாள் டார்லா. "உனக்கும் பழக்கம் சரியில்ல."

ஞாயிற்றுக்கிழமை அவள் சக்கரத்தைப் பொருத்தி, புது எண்ணெய் விட்டு, தண்டு முழுக்கக் கிரீஸ் தடவித் திருகுகளை மாட்டினாள். மாலையில் ஏரி மறைந்தது. காலையில் எழுந்தபோது காரே மறைந்திருந்தது. மெஷின் முதல் இழுப்பில் கிளம்பியது. பனியைக் கடித்து மேப்பிள் மரத்துக்கு மேலே எறிந்தது. கரையிடம் வந்தபோது அவள் வேகத்தைக் குறைத்து, உறைந்த கட்டிகளைக் காலால் தள்ளி ஒதுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னக் கொடுத்தாள்.

ஷெட்டில் அவள்தான் முதல் ஆள். கார்ல் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இன்னொரு கோப்பையை எடுத்து அவளுக்கும் காப்பி ஊற்றினார்.

ஏரிக்கரை ரூட்டில் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். லெம்பாலா வீட்டுச் சின்னப் பெண் டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கையைப் பிடித்தாள். வெளுக்கத் தொடங்கிய வெளிச்சத்தில் ஒரு வாசலில் ஓர் ஆள் ஸ்கூப்போடு கரையை எதிர்த்து நின்றுகொண்டிருந்தான். பஸ்ஸைக் கண்டதும் நிமிர்ந்தான். டார்லா ஹாரனை இரண்டு தடவை அடித்தாள், பஸ் ஷெட் விதிகளில் அதற்கு இடமில்லை. பக்கத்து ஜன்னல் கண்ணாடியைத் திறந்து, "அந்தக் கரையைத் தொடாத! பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வர்றேன்!" என்று கத்தினாள்.

"இன்னைக்கு சனிக்கிழமை இல்ல!" என்று வெர்னும் கத்தினான்.

"எனக்குத் தெரியும்!"

குளிர் உள்ளே வந்தது. கண்ணாடியை மூடினாள்.

"மிஸ் டார்லா, யாரு அது?" என்றாள் சின்னப் பெண்.

டார்லா கியரை மாற்றினாள். பஸ் மெதுவாக வேகம் பிடித்தது.

"எங்க பார்ட்ஸ் கடைக்காரரு," என்றாள்.